மணி அடிக்கும்வரை இரவு

பிப்ரவரி 3, திங்கள்

பயிற்சிக்குப் போய் வந்ததுதான் வினை. இனிமேல் பிள்ளைகள் பாடத்தை வாசித்தால் போதாதாம், நடிக்க வேண்டுமாம். மே முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறப்போகிறவளுக்கு இதெல்லாம் தேவையா? முட்டி இரண்டும் தேய்ந்துபோய் மாடி ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. தலைமையாசிரியர் இம்மானுவேல், "வனஜாட்சி டீச்சர், இருபத்தொண்ணாம் தேதி ஆண்டுவிழா. உங்க ஒன்பதாம் வகுப்பு பிள்ளைங்களையே இறக்கிடலாமே" என்றார். நானும் சும்மா இராமல் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

எடுத்துக்கொண்ட பாடம்: அமெரிக்காவில் பருத்திக் காட்டு அடிமைகள் வடக்கே தப்பித்துப் போனது. வழியில் சில வீட்டுக்காரர்கள் அவர்களை ஒளித்துவைத்து, அடுத்த வீட்டுக்கு அனுப்பி வைத்தார்களாம்.

கேஸ் தீர்ந்துவிட்டது. மோர்சாதம்.

பிப்ரவரி 5, புதன்

சீட்டுக் குலுக்கிப் போட்டோம். முதலாளி, துரத்துபவர், வீடு கொடுப்பவர், தப்பிப்பவர். முதலாளி சீட்டுக்கு அடிதடி. மைதானத்து மேடைதான் பருத்திக் காடு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற நூலகம்தான் வடக்கு.

தப்பிப்பது இரவில். பட்டப்பகலில் இரவுக்கு எங்கே போவேன்? அதனால் ஒரு விதி வைத்தேன். நான் மணி அடித்தால் இரவு. தப்பிப்பவர்களும் வீடு கொடுப்பவர்களும் தவிர, வேடிக்கை பார்ப்பவர்கள் உட்பட எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் துரத்துபவர் எட்டிப் பிடிக்கலாம். அறுபது எண்ணி மறுபடி அடிப்பேன், விடிந்துவிடும். அதற்குள் எத்தனை பேர் நூலகம் போய்ச் சேருகிறார்களோ அத்தனை பேருக்கு விடுதலை.

முதல் தடவை ஆளுக்கொரு பக்கம் தடதடவென்று ஓடி எல்லோரும் மாட்டினார்கள். ஒருத்தி மட்டும் மாட்டவில்லை. ரோசா. கடைசி பெஞ்சு. ரைஸ் மில்லிலிருந்து வருகிற பெண், இருளர் வீட்டுப் பிள்ளை. ஜூன் மாதத்திலிருந்து அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அவள் ஓடவே இல்லை. குப்பைக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்து போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

"ஏன்டி ஓடல?" என்று கேட்டேன்.

"ஓட்னா தெரிஞ்சிடும் டீச்சர். வேலையா போற மாதிரி போவணும். கையில எதுனா இருக்கணும்."

நல்ல யோசனையாக இருந்தது. நாளைக்கு எல்லோரையும் கூடை எடுத்து வரச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

வாய் திறக்காதவள் திறந்தால் மூட மாட்டாள் போலிருக்கிறது. ஒரு பீரியட் முழுக்க ரோசாவின் கேள்விதான்.

"ஒருத்தர் மட்டும் போயிட்டா மீதி இருக்கறவங்கள இன்னா பண்ணுவாங்க டீச்சர்?"

"அதெல்லாம் பரீட்சைக்கு வராது."

"வடக்க போயி சேர்ந்தப்புறம் யார்கிட்ட சொல்லணும்? சொன்னா திருப்பி இட்னு போய் விட்ற மாட்டாங்களா?"

எனக்குத் தலைவலி வேறு. எரிச்சலோடு சொன்னேன்: "அது அந்தக் காலத்து அமெரிக்கா. நம்ம நாட்டுல சட்டம் இருக்கு. யாராவது கொத்தடிமையா வச்சிருந்தா கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கலாம். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல நேரா நின்னு கொடுக்கலாம். விசாரிச்சு விடுதலைச் சான்று தருவாங்க. வாங்கின முன்பணத்தக்கூடத் திருப்பித் தர வேண்டியதில்ல."

ரோசா அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் எழுதவில்லை. இந்த வகுப்பில் ஒருத்திக்காவது அக்கறை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வீட்டுப்பாடம்: அடிமைகள் வேலை செய்த இடத்தை வரைபடமாக வரைந்து வர வேண்டும். முப்பத்தாறு பேரும் ஒரே மாதிரி பருத்திச் செடி வரைந்திருந்தார்கள். ரோசா மட்டும் நெல் காயப்போடும் களம், அவிக்கிற தொட்டி, புகைக்கூண்டு, சுற்றிலும் மதில், தகரம் போட்ட வரிசை வீடுகள், ஒரே ஒரு கேட் என்று வரைந்திருந்தாள். கேட்டுப் பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் மீசை வைத்த ஆள்.

"இது அமெரிக்கா இல்லையேம்மா" என்றேன்.

"ஆமா டீச்சர்" என்றாள்.

கோடுகள் சுத்தமாக இருந்தன. பத்துக்கு எட்டுப் போட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

முட்டிக்கு ஒத்தடம். கோயம்புத்தூரிலிருந்து மகள் போன். "இன்னும் மூணு மாசம்தானம்மா, எதுலயும் தலையக் கொடுக்காம காலத்த ஓட்டு" என்றாள். நான் எதில் தலையைக் கொடுக்கிறேன்?

பிப்ரவரி 13, வியாழன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ரோசா வந்து நின்றாள். அவள் தட்டில் முட்டையை இன்னும் தொடவில்லை.

"டீச்சர், வெளாட்ட பாக்க அப்பா அம்மாவ வரச்சொல்லி லெட்டர் தர்றீங்களா?"

"எல்லாருக்கும் அழைப்பு உண்டு. வரச் சொல்லு."

"லெட்டர் வேணும். ஸ்கூல் சீல் போட்டு. ரெண்டு பேரும் வரணும்னு எழுதணும். அப்பா வெளிய போனா அம்மா உள்ள இருக்கணும் டீச்சர். அம்மா போனா அப்பா இருக்கணும். ஆசுபத்திரிக்குன்னாலும் அப்படித்தான். ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டத் தாண்டி மூணு வருசம் ஆவுது."

"அப்ப உன்னை மட்டும் எப்படி விடறாங்க?"

"மேஸ்திரி கொண்டாந்து விட்டு, சாய்ங்காலம் வந்து இட்னு போறாரு இல்ல? அவங்க உள்ள இருக்க சொல்ல நான் எங்க போவப் போறேன்?"

தினமும் ஒரு ஆள் சைக்கிளில் கொண்டுவந்து விடுவதைப் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவோ யாரோ என்று நினைத்திருந்தேன். ஒன்பது மாதமாக.

அவள் போகாமல் நின்றுகொண்டே இருந்தாள். "கதையில ஒரு சின்னப் புள்ள வேணும் டீச்சர். எந்தம்பி தேவா இருக்கான். அஞ்சு வயசு. அவன் பேரயும் எழுதுங்க."

"சின்னப் பிள்ளையெல்லாம் எதுக்குடி?"

"அவன உட்டுட்டு எங்கம்மா வராது டீச்சர்."

கேட்டுவிட்டுக் கையைக் கழுவப் போனேன். ரொம்ப நேரம் கழுவினேன். நமக்கேன் வம்பு என்றுதான் முதலில் தோன்றியது. உண்மையைச் சொன்னால் இரண்டாவதும் அதுவேதான் தோன்றியது. பிறகு பள்ளித் தாளை எடுத்து எழுதினேன்: மாணவி ரோசாவின் தந்தை கன்னியப்பனும் தாய் பச்சையம்மாவும், குழந்தை வேடம் ஏற்கும் தேவாவுடன், 21ஆம் தேதி காலை பத்து மணிக்குத் தவறாமல் வரவும். சீல் வைத்துக் கையெழுத்தும் போட்டேன்.

ஒரு அழைப்புக் கடிதம், அவ்வளவுதான்.

பிப்ரவரி 14, வெள்ளி

இம்மானுவேல் சார் சிறப்பு விருந்தினரை முடிவு செய்துவிட்டார். மின்விசிறி வாங்கிக் கொடுத்த மில் முதலாளி தாமோதரன். ரோசா வீட்டார் வேலை செய்கிற அதே மில். வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "என்ன டீச்சர், அவரை விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?" என்றார்.

ரோசாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நல்லதுதான் டீச்சர். ஸ்கூல் லெட்டர வேணாம்னு சொல்ல மாட்டாரு. அவரு இங்க உக்காந்திருந்தா மில்லுல எங்கள எங்கன்னு கேக்க ஆள் இருக்காது."

பதினான்கு வயது. எனக்கு இந்த வயதிலும் அது தோன்றவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஒத்திகை. சைக்கிள் ஆள் வந்து மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். மேஸ்திரி பலராமன் என்று பெயர். ரோசாவின் படத்தில் இருந்த அதே மீசை. "விழா எப்ப முடியும் டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டரை என்றேன்.

இரவுக் காட்சியைப் பத்தரையிலிருந்து பதினொன்று இருபத்தைந்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் அதுதான் தோதாக இருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

நூலகத்தின் பின்கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டு நாலு தடவை இழுத்துப் பார்த்தேன். நாளைக்கு விருந்தினர் வருகிறாரே.

தூக்கம் வரவில்லை. முட்டி வலிதான்.

பிப்ரவரி 21, வெள்ளி

எழுத முடிகிற அளவு எழுதுகிறேன். உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது.

பத்து மணிக்குக் கன்னியப்பனும் பச்சையம்மாவும் வந்தார்கள். இருவருக்கும் என்னைவிட இருபது வயதாவது குறைவாகத்தான் இருக்கும், பார்த்தால் தெரியவில்லை. பச்சையம்மாவின் கால் விரல்கள் எல்லாம் வெந்து வெந்து தோலுரிந்திருந்தன. நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரத் தெரியாமல் நுனியில் தொற்றிக்கொண்டார்கள். ஆளுக்கொரு கூடை மடியில். அவர்களுக்குப் பின் வரிசையில் மேஸ்திரி பலராமன். தேவாவை ரோசா கையைப் பிடித்து மேடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் குனிந்து அவனிடம், "மணி அடிச்சா ராத்திரி. சரியா?" என்றேன். தலையாட்டினான்.

தாமோதரன் வெள்ளைச் சட்டையில் முன்வரிசை நடுவில். மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம். பிள்ளைகள் முதலாளி வேடத்தில் சவுக்கைச் சுழற்றியபோது அவர்தான் முதலில் கை தட்டினார்.

பதினொன்று இருபத்தைந்துக்கு மைக்கில் விதியைச் சொன்னேன். இப்போது இரவு, மணி அடித்ததும் எல்லோரும் கண்ணை மூட வேண்டும், விருந்தினர் உட்பட, மறுபடி அடிக்கும்வரை திறக்கக் கூடாது. ஜனங்கள் சிரித்தார்கள். மணியை அடித்தேன். எல்லோரும் மூடினார்கள், பலராமனைத் தவிர. அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"பின்னாடி ஒருத்தர் இன்னும் தூங்கலீங்க" என்று மைக்கில் சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

தாமோதரன் மூடின கண்ணைத் திறக்காமலே குரல் கொடுத்தார். "யோவ் பலராமா, நீதானே? மூடுய்யா. டீச்சர் முட்டி போட வச்சிடப் போறாங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பலராமன் கண்ணை மூடினார்.

அதன் பிறகு நானும் விதிப்படி கண்ணை மூடிக்கொண்டேன். எதையும் பார்க்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தவள் நடுவில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். வயதாகிவிட்டது, மணியடிக்க மறந்துவிட்டது. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "டீச்சர், இன்னும் விடியலையா?" என்று கேட்டது. "அமெரிக்காவுல ராத்திரி ரொம்ப நீளம் போல" என்றார் தாமோதரன். மறுபடியும் சிரிப்பு. பள்ளிக்குப் பின்பக்கம் ரோட்டில் பதினொன்றரை பஸ் வந்து நின்று, பிறகு கிளம்புகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு மணி ஞாபகம் வந்தது.

நூலகத்தில் நாலு பிள்ளைகள் விடுதலை விடுதலை என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். ரோசா இல்லை. பலராமன் முன்னால் இருந்த இரண்டு காலி நாற்காலிகளைப் பார்த்து எழுந்தார். நான் மேடையிலிருந்து இறங்கி, "பொண்ணு வாந்தி எடுத்துட்டா. அந்த ரூம்ல படுத்திருக்கா, அப்பா அம்மா கூட இருக்காங்க. அது பொம்பளப் பிள்ளைங்க ரூம், நீங்க போகக்கூடாது" என்றேன். விருந்தினர் உரை, பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண். மாலை போட்டுக்கொண்ட மனிதர் அதுவரை எழுந்திருக்க முடியாதே. பன்னிரண்டே முக்காலுக்கு அந்த அறையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்து காட்டினேன்.

தாமோதரன் கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு பொன்னாடையை மடித்தார்.

பிப்ரவரி 22, சனி

துணி துவைத்தேன். கதவைத் தாழ் போட்டுக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

நேற்று கலெக்டர் அலுவலகத்தில் ரோசா வீட்டார் நான்கு பேரும் மனு கொடுத்திருக்கிறார்களாம். இம்மானுவேல் சார் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பிப்ரவரி 27, வியாழன்

மெமோ வந்துவிட்டது. விழாவில் கவனக்குறைவு, மாணவி காணாமல் போனதற்கு விளக்கம் தேவை. விசாரணை நிலுவையில் இருந்தால் மே மாதம் ஓய்வு பெற விட மாட்டார்கள். முப்பத்துமூன்று வருஷத்துக்கு இதுதான் மரியாதை.

விளக்கம் எழுதினேன்: வயது மூப்பினால் மறதி ஏற்பட்டு மணி அடிக்கத் தவறினேன். குடும்பத்தினர் வெளியேறியது எனக்குத் தெரியாது. எழுதிவிட்டு நாலு தடவை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை.

மார்ச் 8, சனி

தாமோதரன் வீட்டுக்கே வந்தார். பழம் வாங்கி வந்தார். காபி வேண்டாம் என்றார்.

"கோட்டாட்சியர் உங்களையும் கூப்பிடுவாரு டீச்சர். பயப்படாதீங்க. அவங்க கூலிக்கு வந்த ஆளுங்க, எப்ப வேணா வருவாங்க போவாங்க. அதுக்கு உங்க லெட்டரே சாட்சி. சீல் போட்ட லெட்டர். அடைச்சு வச்சிருந்தா குடும்பமா ஆண்டுவிழாவுக்கு அனுப்புவனா, சொல்லுங்க? நீங்க மெமோவுக்கு மறதின்னு எழுதினீங்க இல்ல, அதையே அங்கயும் சொல்லிடுங்க. மே மாசம் நல்லபடியா ரிட்டயர் ஆகுங்க. நானே வந்து மாலை போடறேன்."

அவர் போன பிறகு அந்தப் பழங்களை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடிதம். எந்தக் கடிதத்தைக் காட்டி அவர்கள் கேட்டைத் தாண்டினார்களோ, அதைக் காட்டியே திருப்பி அழைத்துப் போகப் பார்க்கிறான் பாவி.

மார்ச் 11, செவ்வாய்

நாளைக்குப் பதினொரு மணிக்கு விசாரணை. மகள் போனில் கெஞ்சினாள். "மறதின்னு ஒரு வார்த்தைதானம்மா." ஆமாம், ஒரே வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டு வந்துவிடுவதாக அவளிடம் சொன்னேன். நிஜமாகவே அப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது. எனக்கு என் வீடும் என் கட்டிலும் போதும்.

மார்ச் 12, புதன்

கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். தாமோதரன் வக்கீலோடு ஒரு கோடியில். இன்னொரு கோடியில் தரையில் அந்தக் குடும்பம். கன்னியப்பன் என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நானும் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தேன். ரோசா பக்கத்தில் வந்தாள்.

"எங்கடி இருக்கீங்க?"

"ஒரு ஆஸ்டல்ல இருக்க வச்சிருக்காங்க டீச்சர். சான்று குடுத்தாத்தான் வேற ஊரு போவ முடியும். குடுக்கலன்னா..." அவள் தாமோதரன் பக்கம் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

தேவா அம்மா மடியில் படுத்துக்கொண்டு என்னையே பார்த்தான். "இவன் அன்னிக்கு அழுதானா?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டதுதான்.

"இல்ல டீச்சர். கண்ணே தொறக்கல. மணி அடிச்சா ராத்திரின்னு நீங்க சொன்னீங்களாம். தப்பிக்கிறவங்க மூட வேணாம்னு அவனுக்குத் தெரியல. மூடிக்கினே என் கையப் புடிச்சுக்கினு நடந்தான். லைப்ரரி, ரோடு, பஸ்ஸு, எல்லாம் அப்படித்தான். பஸ்ல அம்மா தொறடான்னா தொறக்க மாட்டேன்றான். டீச்சர் இன்னும் மணி அடிக்கலன்றான். செய்யாறு தாண்டித் தூங்கிட்டான்."

பச்சையம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டு லேசாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று என் வார்த்தையை அவ்வளவு நம்பி இருட்டிலேயே நடந்து போயிருக்கிறது. நான் இங்கே மறதி என்று சொல்ல வந்திருக்கிறேன். உள்ளே இருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கோட்டாட்சியர் சின்ன வயதுக்காரர். என் மகள் வயது இருக்கும். கடிதத்தை எடுத்துக் காட்டினார். "இது நீங்க எழுதினதா?"

"ஆமா சார்."

"சாதாரண அழைப்புக் கடிதம்தானே?"

"இல்ல சார். இது இல்லாம அவங்க நாலு பேரும் ஒண்ணா அந்தக் கேட்டத் தாண்ட முடியாது. ஒருத்தர் வெளிய போனா மத்தவங்கள உள்ள பிடிச்சு வச்சுப்பாங்க. பொண்ணு என்கிட்ட சொன்னா. தெரிஞ்சுதான் எழுதினேன்."

வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். கோட்டாட்சியர் அவரைக் கையமர்த்திவிட்டு என் மெமோ விளக்கத்தைப் புரட்டினார். "ஆனா இதுல உங்களுக்கு எதுவும் தெரியாது, மறதின்னு எழுதியிருக்கீங்களே?"

"அது பொய் சார்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த எழுத்தர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோட்டாட்சியர் விளக்கத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வழக்கமா எத்தனை எண்ணி மணி அடிப்பீங்க?"

"அறுபது."

"அன்னிக்கு எத்தனை வரைக்கும் எண்ணினீங்க?"

"எண்ணவே இல்ல சார். எல்லாரும் கண்ண மூடிக்கிட்டிருந்தாங்க. நான் மட்டும் திறந்துதான் வச்சிருந்தேன். அந்த நாலு பேரும் கூடையத் தூக்கிக்கிட்டு நடந்து போறத முழுசா பாத்தேன். பஸ் கிளம்பினப்புறம்தான் அடிச்சேன்."

எழுத்தர் அதை அப்படியே தட்டச்சு செய்தார். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.